அந்தரத்தில் நிற்கும் தூண்கள்

அன்புள்ள ஐயா,

துருக்கியின் பழைய தொழுகை விரிப்புகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரண்மனைக் கம்பளத்தில் வளைவைத் தாங்கும் தூண்கள், கிராமத்து விரிப்புகளில் பூப்பட்டைகளாகி அந்தரத்தில் தொங்குகின்றன. மூலத்தைப் புரிந்துகொள்ளாமல் நெய்ததால் வந்த சீரழிவு என்கிறது ஒரு குறிப்பு. உண்மையா?

எம்.

அன்புள்ள எம்.,

இல்லை. அப்படிச் சொல்பவர்கள் தறியை மறந்துவிடுகிறார்கள்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மூன்று வளைவுகள் கொண்ட ஒட்டோமான் அரண்மனைக் கம்பளம் ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. இரட்டைத் தூண்கள், அவற்றுக்குப் பீடங்கள், நடு வளைவில் தொங்கும் விளக்கு என்று ஒரு கட்டடமே அதில் எழுந்து நிற்கிறது. அதன் பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) பட்டு. இழை மெலிந்தால் அதில் போடும் முடிச்சு நெருங்கும். முடிச்சு நெருங்கினால் வளைகோடு வழுவழுவென்று ஓடும்.

துருக்கியின் கோன்யா நகருக்கு அருகிலுள்ள லாடிக் என்ற ஊரில் பாவும் கம்பளி, முடிச்சும் கம்பளி. அங்கே போட்டது துருக்கி முடிச்சு: இழை பக்கத்துப் பக்கத்துப் பாவு நூல்கள் இரண்டையும் சுற்றிக்கொண்டு, இரு முனைகளும் அவற்றின் நடுவே வெளியே வரும். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்திச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். தடித்த கம்பளியில் இப்படி வரிசை வரிசையாக ஏறும்போது வளைவு படிக்கட்டாகத்தான் மாறும். அங்கே நெய்த பெண்கள் அதை மறைக்க முயலவில்லை. படியையே வடிவமாக்கினார்கள். லாடிக் விரிப்பில் நீண்ட காம்புகளோடு அணிவகுக்கும் துலிப் மலர்களைப் பாருங்கள். ஈட்டி முனைபோல் அவ்வளவு விறைப்பு! பட்டில் அந்த விறைப்பு வராது.

தூண்களுக்கு வருகிறேன். விரிப்பில் உள்ள வளைவு, மசூதியில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் உருவம். அந்த மாடம் சுவரில் இருப்பது. விரிப்போ தரையில் கிடப்பது. அங்கே தூண் எதைத் தாங்க வேண்டும்? திசையைக் காட்ட வளைவின் முனை போதும். சுமை போனதும் பீடம் போயிற்று, தூண் பூத்தது. எனக்கு இதில் தெரிவது துணிச்சலான முடிவு.

நேரில் பார்க்க வாய்த்தால் கரிய கோடுகளை அருகில் சென்று கவனியுங்கள். இரும்புச் சத்து கலந்த சாயம் கம்பளியை அரித்துவிடுவதால், அவை மட்டும் பள்ளமாகி, பக்கத்துச் சிவப்பு மேடாக நிற்கும். சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்தது, இன்றும் மங்கவில்லை.

ருமேனியாவின் பிரஷோவ் நகரக் கருப்புத் தேவாலயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அனடோலிய (ஆசியத் துருக்கி) விரிப்புகள் இருக்கின்றன. அவற்றின் படங்களையும் தேடிப் பாருங்கள். தூண் வைத்தவற்றைத் தனியே எடுத்து, அரண்மனைக் கம்பளத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.