பிட்புல் பிறவியிலேயே ஆபத்தான நாயா? தவறு நாயிடமா, இனவிருத்தி செய்பவரிடமா?

பிட்புல் என்பது ஒரே இனம் இல்லை. அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் போன்ற சில இனங்களையும், அவற்றைப்போல இருக்கும் கலப்பு நாய்களையும் சேர்த்து அப்படிச் சொல்கிறோம். அகலத் தலையும் தடித்த உடம்பும் இருந்தால் போதும், முத்திரை விழுந்துவிடும். காப்பகங்களில் கண்ணால் பார்த்துச் சொன்ன இனத்தை மரபணுச் சோதனை பொய்யாக்குவதும் உண்டு. அதனால் 'பிட்புல் கடித்தது' என்ற செய்தியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அதற்காகப் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் காளைகளோடு மோதவிட்ட நாய்களின் வழிவந்தவை இவை. 1835-இல் அது தடைசெய்யப்பட்ட பிறகு நாய்ச் சண்டை பெருகியது. சண்டையை விடாத நாய்களாகப் பார்த்து இணைசேர்த்தார்கள். பலமான நாய், கடித்தால் காயமும் பெரிது. ஆனால் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு 2022-இல் வெளியான ஆய்வில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணமாகத் தெரிந்தது.

என் கோபமெல்லாம் இனவிருத்தியாளர்கள் மீதுதான். முரட்டுத்தனம் விலைபோகிறது என்று சீறும் நாய்களையே இணைசேர்க்கிறார்கள். எட்டு வாரம் ஆகுமுன்பே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, மனிதரோடு பழகவேண்டிய பருவத்தில் கூண்டில் அடைக்கிறார்கள். அப்புறம், மிரட்டும் தோற்றத்துக்காகக் காதை வேறு வெட்டுகிறார்கள்! இன்னதென்று ஓர் இனத்தைத் தடைசெய்தால் இவர்கள் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். பிரிட்டன் 1991-இல் பிட்புல்லைத் தடைசெய்தது. பிறகு எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய உடல்கொண்ட நாய்வகை அங்கே பெருகி, 2023 கடைசியில் அதன் விற்பனையையும் இனவிருத்தியையும் தடைசெய்ய வேண்டியதாயிற்று.