ஆண்மைக் குறைவா? முதலில் இதயத்தைக் காட்டுங்கள்

செவ்வாய்ப்பேட்டை வாசகருக்கு,

54 வயதில் அரிசி மூட்டையை முன்போலத் தூக்க முடியவில்லை என்பதோ, மீல் மேக்கர் (சோயா உருண்டை) சாப்பிட்டதால் ஆண்மை குறைந்துவிட்டதோ என்ற பயமோ என்னைக் கவலைப்படுத்தவில்லை. சில மாதங்களாக விறைப்பு சரியாக வருவதில்லை என்றும், ஏற்காட்டில் மேடு ஏறும்போது நெஞ்சை அடைத்து, நின்றால் சரியாகிவிடுகிறது என்றும், ஏதோ வேண்டாத விவரம் போலக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவலை தருகிறது.

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. இதயத் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். ரத்தக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படியும்போது குறுகிய குழாயில்தான் ஓட்டம் முதலில் தடைபடும் என்பதால், மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைவு தலைகாட்டுவதுண்டு. உங்களுக்கோ நெஞ்சடைப்பும் சேர்ந்துவிட்டது. தள்ளிப்போடாமல் நாளையே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ, வேறொரு இதயநோய் மருத்துவரிடமோ காட்டி, இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடைத்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள். விறைப்புக்காக மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய சில்டனாஃபில் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதைப் போட்டிருப்பவருக்கு நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு சரியும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் நடுவயதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைவது இயல்பு. அதைவிட வேகமாகக் குறைப்பவை தொப்பை, கட்டுப்படாத சர்க்கரை, கெட்டுப்போன தூக்கம், மது ஆகியவையே. சோயா அதைக் குறைப்பதாக ஆண்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. மீல் மேக்கரைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாலை நான்கு மணிக்கு, பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டபின் ரத்தம் கொடுத்து எடுத்த அந்த டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாட்களில் இருமுறை பார்த்து இரண்டிலும் குறைவாக இருந்தால் மட்டுமே அது குறைவு. ஜிம்முக்குப் போகும் உங்கள் அக்கா மகன் வாங்கித் தருவதாகச் சொன்ன டெஸ்டோஸ்டிரோன் ஊசி, விதைகளின் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், ரத்தத்தையும் கெட்டியாக்கும். இதயம் எப்படி இருக்கிறது என்றே தெரியாதவர் அதைப் போட்டுக்கொள்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்தப் பையனும் போடக் கூடாது. விந்தணு உற்பத்தியே படுத்துவிடும்.

உங்கள் பலம் குறைந்ததற்குச் சாப்பாட்டிலும் காரணம் தெரிகிறது. 30 வயதுக்குமேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. நீங்களோ காலையில் ஜவ்வரிசி உப்புமா, மதியம் சோறும் ரசமும், இரவு இட்லி என்று எழுதியிருக்கிறீர்கள். ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், 60 கிலோ எடையுள்ள உங்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான் என்பதால், மூன்று வேளையிலும் பருப்பு, கொள்ளு, கொண்டைக்கடலை, தயிர், மீன் என்று ஏதாவது ஒன்று தட்டில் கணிசமாக இருக்கட்டும். எடை தூக்கும் பயிற்சி தசையை மீட்டுத் தரும். ஆனால் அதை இதய மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். அதுவரை மூட்டையும் தூக்க வேண்டாம், மேடும் ஏற வேண்டாம்.