'யூ' என்றால் நீயா, நீங்களா?

கேள்வி: ஆங்கில மொழியில் உங்களை மிகவும் வியக்க வைத்த விஷயம் எது?

எனக்கு அது 'யூ' என்ற ஒரே சொல்தான்.

வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "ஒருமைக்கு இஸ், பன்மைக்கு ஆர்னு சொன்னீங்களே மிஸ், எதிர்ல நிக்கிறது ஒரே ஆளு, அப்புறம் ஏன் யூ ஆர்?" அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்றுதான் என் காலத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். அதையே அவளுக்கும் சொல்ல மனம் வரவில்லை. தேடிப் படித்தேன்.

'யூ' என்பது 'நீ' இல்லை. அது 'நீங்கள்'.

ஆங்கிலத்தில் 'நீ'க்குத் தனிச்சொல் இருந்தது: தௌ. பலரைப் பார்த்துப் பேசும்போது யீ. 'உங்களை' என்று வரும் இடத்தில் யூ. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையில் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சில் பெரியவர் ஒருவரைப் பன்மையில் அழைப்பதுதான் மரியாதை. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் தொற்றியது. நாம் ஒருவரைப் பார்த்தே 'நீங்கள்' என்று பன்மையில் சொல்கிறோமே, அதே வழி. நாளடைவில் யீயின் இடத்தையும் யூ பிடித்துக்கொண்டது. மரியாதை பரவிப் பரவி, யாரையுமே தௌ என்று கூப்பிடத் தயங்கும் நிலை வந்தது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சிலிருந்து தௌ அநேகமாக மறைந்தேவிட்டது. 'நீங்கள்' மட்டும் மிஞ்சியது. அதனோடு வந்த பன்மை வினையும் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் யூ ஆர்.

இந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு நடந்திருக்கிறது தெரியுமா? 1603இல் ஆங்கிலேயக் கடலோடி சர் வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், "உன்னைத் தௌ என்றே சொல்கிறேன், துரோகியே" என்று முகத்துக்கு நேரே சொன்னார். "நீ, வா, போன்னு பேசாதே" என்று நம் தெருவில் சண்டை மூளுமே, அந்தச் சூடு அதில் இருக்கிறது. அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று சொல்லி, பிரபுக்களையும் நீதிபதிகளையும்கூட தௌ என்றே அழைத்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். மரியாதைச் சொல் எவ்வளவு கனமானது என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பைபிளில் வரும் கர்த்தருடைய ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் "உம்முடைய நாமம்" என்று இருக்கிறது. 1611இல் வந்த ஆங்கிலப் பதிப்பிலோ 'உன் நாமம்' என்றே இருக்கிறது. தௌவின் உடைமை வடிவமான 'தை'தான் அங்கே வருகிறது. நம் பதிகங்களில் இறைவனை நீ என்று உரிமையோடு அழைப்பதைப் போல. ஆனால் தௌ பேச்சிலிருந்து போய் ஜெபத்தில் மட்டும் தங்கியதால், இன்று பலர் அதை மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர்.

சரி, என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலேயர்களுக்கே அந்தக் குழப்பம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் நன்றாகப் படித்தவர்களே ஒருவரைப் பார்த்து 'யூ வாஸ்' என்று எழுதினார்கள். ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் அதைப் பெரும் பிழை என்று கண்டித்தார். பாடப்புத்தகங்கள் அவர் பக்கம் நின்றன. அவளிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த பெருமையை நான் மறக்கமாட்டேன்.

'நீங்கள்' என்ற சொல்லே ஒருவரை அழைக்கவும் ஆகிவிட்டால், பலரை எப்படி அழைப்பது? நாம் "நீங்க எல்லாரும்" என்கிறோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'யூ ஆல்' என்பதைச் சுருக்கி 'யால்' என்கிறார்கள். அயர்லாந்தில் 'யூஸ்' என்பதைக் கேட்கலாம்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், மற்ற இடத்தில் ஒரு என்று படித்திருக்கிறோம் இல்லையா? ஆங்கிலத்தின் ஆன், அ இரண்டும் அதே போலத்தான். நமக்கு ஒன்றிலிருந்து ஓர் வந்தது போல அங்கேயும் ஒன்று என்ற சொல்லிலிருந்தே ஆன் வந்தது. ஆனால் காதால் கேட்கும்போது அந்த 'ன்' எந்தச் சொல்லோடு சேர்ந்தது என்று அவர்களுக்கே குழம்பிப்போனது. ஏப்ரன் முதலில் நேப்ரன், நாப்கினுக்கு உறவு. 'அ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துவிட்டார்கள். நிக்நேம் கதை தலைகீழ்: 'ஈக் நேம்', அதாவது கூடுதல் பெயர் என்று இருந்தது, ஆனிலிருந்து ஒரு 'ன்'னை இழுத்துக்கொண்டது.

கிரிக்கெட் அம்பயரும் ஏப்ரனைப் போலத் தன் முதல் 'ந'வை இழந்த சொல்தான். பழைய பிரெஞ்சில் 'நோம்பேர்', இணை இல்லாதவர் என்று பொருள். இரண்டு தரப்புக்கு நடுவே எந்தப் பக்கமும் சேராமல் நிற்கும் மூன்றாவது ஆள்.