வீட்டு ஸ்டோரேஜ் சர்வர்: எஸ்எம்பிஎஸ் முதல் டிஸ்க் வரை – கேள்வி பதில்

நான்கு முதல் எட்டு ஹார்ட் டிஸ்க் வரை போட்டு, இரவும் பகலும் ஓடும் சர்வரை வீட்டிலேயே கட்டுகிறவர்களின் கேள்விகள் இவை. டிஸ்க் என்று இங்கே சொல்வதெல்லாம் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க். எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை.

சேலம்: நாலு டிஸ்க், ஒரு ஐ3 ப்ராசஸர். நெட்டுல இருக்கிற கால்குலேட்டர் 150 வாட் போதும்னு காட்டுது. கடைக்காரர் 750 வாட் எடுங்கன்னு சொல்றார். யாரை நம்புறது?

இரண்டையும் விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் 5 முதல் 8 வாட்தான் எடுக்கும். ஆனால் நின்றிருந்த தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். நாலு டிஸ்க்குக்கு 8 ஆம்பியர், அதாவது 96 வாட். 5 வோல்ட் லைனில் ஒரு டிஸ்க்குக்கு 0.7 ஆம்பியர் என்று வைத்தால் இன்னொரு 14 வாட். அதே நேரத்தில் போர்டும் ப்ராசஸரும் 60, 70 வாட் கேட்கும். ஆகப் பட்டனை அழுத்தும்போது 180 வாட், ஓட ஆரம்பித்த பிறகு 45 முதல் 50 வாட். கால்குலேட்டர் தவறவிடுவது அந்த முதல் சில நொடிகளை.

உங்களுக்கு 300 முதல் 450 வாட் சரி. எட்டு டிஸ்க் என்றால் 12 வோல்ட்டில் டிஸ்க்குகள் மட்டுமே 16 ஆம்பியர், 192 வாட் கேட்கும். அதற்கு 450 முதல் 550. பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்டை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ‘450 வாட்’ என்று விற்கும் சப்ளையில் 12 வோல்ட் 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், உங்களுக்கு உதவுவது 192 வாட் மட்டுமே.

750 ஏன் வேண்டாம்? 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரைக்கான சோதனை 20, 50, 100 சதவீதச் சுமையில் நடக்கிறது. டைட்டேனியம் தரத்துக்கு 10 சதவீதமும் உண்டு. உங்கள் 45 வாட், 750-இல் 6 சதவீதம். கோல்டு என்று போட்டிருந்தாலும் அந்தச் சுமையில் அது எவ்வளவு வீணாக்கும் என்று முத்திரை எதுவும் சொல்லாது.

தஞ்சாவூர்: கேபினெட்டோட வந்த எஸ்எம்பிஎஸ் இருக்கு சார். ரெய்டு போடப்போறதால ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிச்சுடும்ல?

ரெய்டு, அதாவது பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றுபோல் பயன்படுத்தும் முறை, ஒரு டிஸ்க்கின் சாவைத் தாங்கும். எஸ்எம்பிஎஸ் பழுதாகி வோல்டேஜ் ஏறினால் எல்லா டிஸ்க்கின் சர்க்யூட் போர்டும் ஒரே நொடியில் கருகும். அங்கே ரெய்டு செய்வதற்கு எதுவுமில்லை. பெட்டிக்குள் எல்லா டிஸ்க்கையும் சேர்த்துக் கொல்லக்கூடிய பாகம் இதுதான். ப்ராசஸரில் 3,000 ரூபாய் குறைத்து அந்தப் பணத்தை இங்கே போடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

பார்க்க வேண்டியவை: வோல்டேஜ் ஏற்றம், கூடுதல் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் மூன்றுக்கும் பாதுகாப்பு; 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர்; குறைந்தது 5 வருட வாரண்டி; 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் 12-இலிருந்து தனி டிசி-டிசி பலகை வழியாக வருவது. பழைய மலிவு வடிவமைப்பில் 12-ஐயும் 5-ஐயும் சேர்த்தே கட்டுப்படுத்துவார்கள். டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது 12 இறங்கும், 5 ஏறும். ஸ்டோரேஜ் சர்வருக்கு இதைவிட மோசமான குணம் கிடையாது. கேபினெட்டோடு வந்ததை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை: எட்டு டிஸ்க் இருக்கு, எஸ்எம்பிஎஸ்ல நாலு சாட்டா பவர் கனெக்டர்தான். ஸ்ப்ளிட்டர் போடலாமா? போடக்கூடாதுன்னும் சொல்றாங்க.

எந்த ஸ்ப்ளிட்டர் என்பதைப் பொறுத்தது. சாட்டா (இன்றைய டிஸ்க்குகளின் தட்டையான இணைப்பு) பவர் கனெக்டரில் ஒரு பின்னுக்கு 1.5 ஆம்பியர் அளவு. 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஆக 4.5 ஆம்பியர். ஒன்றை இரண்டாகப் பிரித்தால் தொடக்கத்தில் 4 ஆம்பியர். எல்லைக்கு உள்ளே, ஆனால் ஓரத்தில். ஒன்றை நான்காக்கினால் 8 ஆம்பியர். கனெக்டர் சூடாகிப் பழுப்பேறி உருகும்.

மோலெக்ஸ் என்ற பெரிய நாலு பின் பழைய பவர் கனெக்டர் இதைவிட அதிகம் தாங்கும். எனவே மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றலாம். இங்கேதான் தீப்பிடிக்கும் வகை ஒன்று இருக்கிறது: சாட்டா முனை ஒரே வார்ப்பாக, பின்பக்கம் வழவழவென்று மூடியிருப்பது. வயர்களை அடுக்கி மேலே பிளாஸ்டிக்கை ஊற்றும்போது அவை உள்ளே நகர்ந்துவிடும். 12 வோல்ட்டும் கிரவுண்டும் நெருங்கிவிட்டால் சில மாதம் கழித்துப் புகைந்து எரியும். நல்ல வகையில் பின்பக்கத் தொப்பியைக் கழற்றலாம், ஒவ்வொரு வயரும் தனித்தனியே பள்ளத்தில் அழுத்தப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். அதை மட்டும் வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரு கேபிளில் நாலு டிஸ்க்குக்கு மேல் தொங்கவிடாதீர்கள். எட்டுக்கு இரண்டு தனிக் கேபிள் வேண்டும்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துச் சாக்கெட்டில் எந்த பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேகூட மாறும். வேறு சப்ளையின் கேபிள் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வரும், டிஸ்க் போய்விடும். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபிள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மோலெக்ஸ் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள்: மஞ்சள் 12, சிவப்பு 5, கறுப்பு கிரவுண்டு. 12-க்கு 5 சதவீத விலக்கு அனுமதி, அதாவது 11.4 முதல் 12.6 வரை. எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் நிறத்தை நம்ப முடியாது. நடுவில் இருக்கும் இரண்டு பின்னும் கிரவுண்டு என்பதை வைத்து அளக்கலாம்.

வேலூர்: எக்ஸ்டர்னல் டிரைவைப் பிரிச்சு உள்ள இருந்த டிஸ்க்கை எடுத்தேன். அந்தப் பெட்டியில ஓடுச்சு, சர்வர்ல சுத்தவே மாட்டேங்குது.

டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது. புதிய சாட்டா தரத்தில் மூன்றாவது பவர் பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் ‘அணைந்து இரு’ என்று பொருள். பழைய முறைப்படி உங்கள் எஸ்எம்பிஎஸ் அங்கே 3.3 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுக்கிறது. மூன்றாவது பின்மேல் கேப்டன் டேப்பை (வெப்பம் தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மெல்லிய பட்டையாக ஒட்டுங்கள். முதல் மூன்றையும் சேர்த்து மூடினாலும் தவறில்லை. நல்ல வகை மோலெக்ஸ் மாற்றி போட்டாலும் போதும், அதில் 3.3 வோல்ட் வயரே இல்லை.

திருநெல்வேலி: வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு. தனியா யுபிஎஸ் எதுக்கு? அடிக்கடி லோ வோல்டேஜ் வேற. ஸ்டெபிலைசரும் வைக்கணுமா?

ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள, 100 முதல் 240 வோல்ட் என்று எழுதிய எஸ்எம்பிஎஸ் லோ வோல்டேஜைத் தானே சமாளிக்கும்.

இன்வெர்ட்டரில் இரண்டு குறை. ஒன்று, மாறும் நேரம். கரண்ட் நின்ற பிறகு சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது எஸ்எம்பிஎஸ்களுக்கான வடிவமைப்பு அளவு. இன்வெர்ட்டரின் சுவிட்ச் நார்மல் மோடில் இருந்தால் மாற அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். சர்வர் அணைந்து எழும். யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். இரண்டாவது குறைதான் பெரியது: பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல இன்வெர்ட்டருக்கு வழியில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் நிற்கும்.

இன்வெர்ட்டர் லைனிலேயே 600 விஏ லைன் இன்டராக்டிவ் (வோல்டேஜைத் தானே ஓரளவு சரிசெய்யும்) யுபிஎஸ் ஒன்றை, யுஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பார்த்து வையுங்கள். 600 விஏ என்பது பொதுவாக 360 வாட். யுஎஸ்பியை சர்வரில் செருகி, என்யுடி என்ற இலவச மென்பொருளில் ‘பேட்டரிக்கு மாறி மூன்று நிமிடம் ஆனால் ஒழுங்காக மூடு’ என்று அமையுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் யுபிஎஸ் அதைக் கெட்ட கரண்டாக எடுத்துக்கொண்டு பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும்.

கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழ பயாஸில் அமைப்பு உண்டு. ஆனால் நம் ஊரில் கரண்ட் வந்து, போய், மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் டிஸ்க் சுழன்று நிற்பது நல்லதல்ல. யுபிஎஸ்ஸில் மீண்டும் மின்சாரம் கொடுப்பதற்கான தாமதம் வைக்க முடிந்தால் இரண்டு நிமிடம் வையுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி நம் வெயிலில் இரண்டு, மூன்று வருடம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, கனடாவில இருந்து சொந்தக்காரர் ஒருத்தர் பவர் சப்ளையும் யுபிஎஸ்ஸும் கொண்டுவாறார். இஞ்ச பாவிக்கலாமோ?

பவர் சப்ளையில் 100–240 என்று இருந்தால் தாராளமாகப் பாவிக்கலாம், வயரை மட்டும் மாற்றுங்கோ. பின்பக்கம் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் செருகுவதற்கு முன் 230-க்குத் தள்ளுங்கோ; 115-இல் விட்டுச் செருகினால் அந்த நொடியே வெடிக்கும். யுபிஎஸ் 120 வோல்ட்டுக்கானது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கோ.

மதுரை: கேபினெட்டைத் தொட்டா லேசா ஷாக் அடிக்குது. எஸ்எம்பிஎஸ் லீக்கா?

பெரும்பாலும் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் இணைந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் உடல் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரியும், ஆனால் எச்டிஎம்ஐ, நெட்வொர்க் கேபிள் செருகும்போது போர்ட்டைக் கொன்றுவிடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உள்ளேயே பழுது வந்தால் உங்களையும் கொல்லும். சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள். வரவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு பின் மாற்றியில் சர்வரைச் செருகவே கூடாது.

சென்னை: போர்டுல நாலு சாட்டா போர்ட். இன்னும் நாலு வேணும். ரிச்சி தெருவுல 8 போர்ட் கார்டு மலிவா கிடைக்குது.

மலிவு 8, 10, 16 போர்ட் கார்டுகள் பலவற்றில் ஒரு சின்னக் கண்ட்ரோலரும் அதன் பின்னால், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிபிளையர்களும் இருக்கும். ஒரு டிஸ்க் தடுமாறினால் அதே மல்டிபிளையரில் உள்ள மற்ற டிஸ்க்குகளும் சேர்ந்து மறையும். ஆறு போர்ட் போதுமென்றால் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள கார்டு நல்லது, கரண்ட்டும் குறைவு. எட்டு வேண்டுமென்றால் சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் எல்எஸ்ஐ 9207-8i அல்லது 9300-8i கார்டு. ஐடி மோட் (டிஸ்க்குகளை அப்படியே காட்டும்) ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ரெய்டு ஃபர்ம்வேர் டிஸ்க்கை மென்பொருளிடமிருந்து மறைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்றிலிருந்து நான்காகப் பிரியும் கேபிளில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று இரு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி. உங்களுக்கு ஃபார்வர்டு. அடுத்து, இந்தக் கார்டுகள் சர்வர் ஃபேனின் பலத்த காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. ஹீட்சிங்க்மேல் சின்ன ஃபேன் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் வெயில் மாதங்களில் டிஸ்க்குகளில் காரணமில்லாத பிழைகள் வரும்.

ஈரோடு: என்100 மினி போர்டு, 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். நாலு டிஸ்க் மாட்டினா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு. ரெண்டுன்னா ஓடுது.

முதல் பதிலில் உள்ள கணக்கேதான். நாலு டிஸ்க் 8 ஆம்பியர், போர்டு 2. உங்கள் அடாப்டர் 5. இரண்டு டிஸ்க்கில் ஓடுவதும் அதிர்ஷ்டத்தில்தான், அதற்கே 6 வேண்டும். 12.5 ஆம்பியர், 150 வாட் அடாப்டர் போடுங்கள்; போர்டின் டிசி ஜாக் அதைத் தாங்குமா என்று விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு.

புதுச்சேரி: 4 டிபி டிஸ்க்ல விலை குறைஞ்சதும் இருக்கு, கூடினதும் இருக்கு. ரெண்டும் 4 டிபிதானே?

விலை குறைந்தது எஸ்எம்ஆர் ஆக இருக்கலாம். அதில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறியிருப்பதால், ஒரு இடத்தை மாற்ற பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். சாதாரண நாளில் தெரியாது. பழுதான டிஸ்க்கை மாற்றிவிட்டு ரெய்டு மறுபடி கட்டும்போது புது டிஸ்க்கில் நிற்காமல் எழுத நேரும். எஸ்எம்ஆர் திணறிப் பதில் சொல்லாமல் போக, மென்பொருள் அதையும் பழுதென்று தள்ளிவிடும். 2020-இல் என்ஏஎஸ் என்ற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளுக்கென்று விற்ற டபிள்யூடி ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் இருந்தது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. இன்று ரெட் பிளஸ், ரெட் ப்ரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப் மூன்றும் சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வகை. மேசைக் கணினிக்கான பாரகுடாவில் 2, 4, 8 டிபி மாடல்கள் எஸ்எம்ஆர், சர்வருக்குத் தவிருங்கள்.

திருச்சி: ஈசிசி ரேம் இல்லாம இசட்எஃப்எஸ் போடக்கூடாதாமே? ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் வேற வேணுமாம்.

ஈசிசி (பிழையைத் தானே திருத்தும் ரேம்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மற்ற ஃபைல் சிஸ்டங்களைவிட இசட்எஃப்எஸ் ஆபத்தானது ஆகிவிடாது. வாங்கிய ரேமை ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். ஈசிசி வேண்டுமென்றால்: ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5600 ப்ராசஸர் ஏற்கும், போர்டும் ஏற்க வேண்டும், 5600ஜி ஏற்காது. இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு டபிள்யூ680 போர்டு தேவை, விலை அதிகம். டிபிக்கு ஒரு ஜிபி என்பதை மறந்துவிடுங்கள். டீடூப் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி) போடாதவரை வீட்டுக்கு 16 ஜிபி தாராளம்.

சென்னை: கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

40 வாட் தொடர்ந்து ஓடினால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். உங்கள் வீடு ஏற்கெனவே 450, 460 யூனிட்டில் இருந்தால் கவனியுங்கள்: 500-ஐத் தாண்டும்போது 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணமும் போய்விடும்.

நாகர்கோவில்: ஸ்மார்ட் அறிக்கையில 199-ம் எண் ஏறிக்கிட்டே இருக்கு. புது டிஸ்க்தான். திருப்பி அனுப்பவா?

பொறுங்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் அறிக்கை. அதில் 199 என்பது டிஸ்க்குக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே தரவு கெட்ட எண்ணிக்கை. டேட்டா கேபிளை மாற்றுங்கள், பவர் கேபிள்களோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. புதிதாக ஏறுகிறதா என்பதே கேள்வி. அப்போதும் ஏறினால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், பிறகு பவர் கனெக்டரை மாற்றுங்கள். டிஸ்க் நடுநடுவே டிக் என்று தலையை இழுத்து மறுபடி சுழன்றால், 12 வோல்ட் இறங்குகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கெட்டுப்போன இடங்களை எண்ணும் 5, 197, 198 ஆகிய எண்களில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், புது டிஸ்க் என்றால், அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.