பி-17ஜி மாடல்: 13 துப்பாக்கிக்கு 10 ஆள் போதுமா?

வணக்கம் நண்பரே. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17ஜி-யின் மாடலைச் செய்கிறீர்கள்; அதில் 13 துப்பாக்கி இருக்கிறது, ஆள் பொம்மைகள் 10 தான், மூன்று குறைகிறதா என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் குறையவில்லை. விமானிகள் இருவருக்கும் துப்பாக்கியே கிடையாது. மற்ற எட்டுப் பேர்தான் 13-ஐயும் பார்த்துக்கொண்டார்கள். மூக்குக்கு அடியில் உள்ள இரட்டை, குண்டு வீசுபவருக்கு. மூக்கின் இரு பக்கமும் உள்ளவை வழிகாட்டிக்கு. முதுகுக் கூண்டின் இரட்டை பொறியாளருக்கு, அதற்குப் பின்னால் ஒற்றை ரேடியோக்காரருக்கு. அப்புறம் அடிவயிற்றில் தொங்கும் உருண்டைக் கூண்டில் இரண்டு, பக்க ஜன்னல்களில் ஆளுக்கு ஒன்று, வாலில் இரண்டு. 1944-ல் பல குழுக்கள் பக்க ஜன்னல்களுக்கு ஒரே ஆளோடு, மொத்தம் 9 பேராகவும் பறந்தன.

ஆனால் சக்கரம் இறக்கித் தரையில் நிற்பதுபோலச் செய்கிறீர்கள் என்றால், அடிவயிற்று உருண்டைக்குள் ஆளை உட்கார வைக்காதீர்கள். அதன் கதவு விமானத்துக்குள் திறக்க வேண்டுமானால் துப்பாக்கிகள் நேர் கீழே பார்க்க வேண்டும். தரையில் அதற்கு உயரம் போதாது. அதனால் விமானம் மேலே ஏறிய பிறகுதான் அந்தத் துப்பாக்கிக்காரர் உள்ளே இறங்குவார். முழங்காலை மடக்கி, சுருண்டு, மணிக்கணக்கில் அப்படியே. மைனஸ் 40 டிகிரி குளிரில் மின்சாரத்தால் சூடாகும் உடைதான் துணை. பாராசூட்டுக்கு இடமில்லை; பெரும்பாலும் அது மேலே விமானத்துக்குள்ளேயே இருக்கும். பாவம்!

எனவே அந்தத் துப்பாக்கிகளைக் கிடைமட்டமாக, வால் பக்கம் பார்க்க ஒட்டிவிடுங்கள். மிஞ்சும் பொம்மையைச் சக்கரத்தருகே நிறுத்தலாம்.