20 பாகை வருமா, வராதா?

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கவராயத்தை வைத்து 60 பாகை வரைந்தாள். அதை இருசமக்கூறிட்டு 30, 15 என்று போய்க்கொண்டே இருந்தாள். "20 எப்படிப்பா?" என்றாள். முடியாது என்று நிரூபித்தே விட்டார்கள் என்றேன். கோணமானியை வைத்து நொடியில் வரைந்து நீட்டினாள். யார் சொல்வது சரி?
— ச.

அன்புள்ள ச.,

இருவரும்தான். சதுரங்கத்தில் யானையைக் குறுக்காகத் தள்ளக் கைக்கு முடியும்; ஆட்டத்தில் முடியாது. இங்கே ஆட்டம் கிரேக்கர்களுடையது: எண் இல்லாத அளவுகோல், கவராயம், இரண்டே. கோடும் வட்டமும் வெட்டும் இடம்தான் புதுப்புள்ளி.

அந்த ஒவ்வொரு வெட்டும் கணக்கில் அதிகபட்சம் ஓர் இருபடிச் சமன்பாடு. ஆகவே கிடைக்கும் நீளங்களெல்லாம் நாலு அடிப்படைச் செயல்களாலும் வர்க்கமூலத்தாலும் வருபவை. 20 பாகையின் கொசைனை 'க' என்றால் 8க³ − 6க − 1 = 0. இது சிறு காரணிகளாக உடையாத முப்படி. வர்க்கமூலத்தை எத்தனை அடுக்கு அடுக்கினாலும் இதன் தீர்வு வராது. 1837-இல் பிரெஞ்சுக் கணிதர் பியர் வான்ட்செல் காட்டியது இதைத்தான். 60-ஐ மூன்றாகப் பிரித்தால்தான் 20. எல்லாக் கோணத்துக்கும் இந்தக் கதி இல்லை; 90-ஐ மூன்றாகப் பிரிக்கலாம், 30 கையில் இருக்கிறதே. ஒழுங்கு ஐங்கோணம் 72 தரும். 60-உம் 15-உம் சேர்ந்த 75-இலிருந்து அதைக் கழித்தால் 3. முழுப்பாகைகளில் 3-இன் மடங்குகள் மட்டும் வரும், மற்றவை வரா. வட்டத்தை 360 ஆகப் பிரித்துவிட்டு, அதில் ஒரு பாகையைக்கூடக் கவராயத்தால் வரைய முடியாது என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அளவுகோல் விளிம்பில் பென்சிலால் இரண்டு புள்ளி வைக்கட்டும். அந்த இடைவெளியையே ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம். விட்டத்தை இடப்பக்கம் வெளியே நீட்டிக்கொள்ளட்டும். விட்டத்தின் வலப்பாதியோடு மையத்தில் 60 பாகை உண்டாக்கும் ஆரம் வட்டத்தைத் தொடும் இடத்தில் அளவுகோலைச் சாய்த்து, ஒரு புள்ளி வட்டத்தின் மேலும் மற்றது நீட்டிய கோட்டிலும் விழும்வரை நகர்த்தட்டும். அளவுகோல் அந்தக் கோட்டோடு உண்டாக்கும் கோணம் சரியாக 20.

ஆர்க்கிமிடீஸ் பெயரில் வழங்கும் உத்தி இது. இதில் தோராயம் எதுவும் இல்லை. இரண்டு இருசமபக்க முக்கோணங்களை வைத்து அவளே நிரூபித்துவிடுவாள். அந்த இரண்டு பென்சில் புள்ளிகளைத்தான் பழைய ஆட்டம் அனுமதிக்கவில்லை.