பேஸ்பால் கார்டு பாக்கெட்: பிரிப்பதா, அப்படியே வைப்பதா?

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்குக் கடையில் ஒரு ‘மிஸ்டரி பாக்ஸ்’ (உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்கும் பெட்டி) வாங்கினோம். உள்ளே பேஸ்பால் வீரர்களின் படக் கார்டுகள் அடங்கிய பிரிக்காத பாக்கெட்டுகள்: டான்ரஸ் கம்பெனியின் 1990 பாக்கெட்டுகள் சிலவும் அப்பர் டெக் கம்பெனியின் 1989 பாக்கெட் ஒன்றும் இருந்தன. விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், தன்னிடமிருந்த, டாப்ஸ் கம்பெனியின் 1975 பாக்கெட் ஒன்றையும் கொடுத்தார். பையன் பிரிக்கத் துடிக்கிறான். கணவரோ, பிரித்தால் மதிப்பு போய்விடும் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. சீல் பிரியாமல் இருப்பதாலேயே ஒரு பாக்கெட்டுக்கு விலை வந்துவிடாது.

டான்ரஸை இன்றே பையன் கையில் கொடுத்துவிடுங்கள். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கார்டு சேர்ப்பது அமெரிக்காவில் பெரிய மோகமாக இருந்தது. கம்பெனிகள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. வாங்கியவர்களும் பிற்காலத்தில் விலை ஏறும் என்று பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள். அதனால் இன்றும் அந்த வருடத்துப் பெட்டிகள் மலிவாகவே கிடைக்கின்றன. கார்டுகளோடு கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி என்ற பழைய வீரரின் படப்புதிர்த் துண்டுகளும் இருக்கும். பையனுக்கு அதுவே பிடித்துப்போகலாம்.

அப்பர் டெக்கில் எல்லோரும் தேடுவது கென் கிரிஃபி ஜூனியர் என்ற வீரரின் முதல் வருடக் கார்டு, எண் 1. முதலில் வந்த வரிசையில் 700 கார்டுகள், பாக்கெட்டுக்கு 15. அப்படியானால் ஏறத்தாழ 47 பாக்கெட்டுக்கு ஒரு கிரிஃபி. உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அவரே வந்தாலும், மூலை மழுங்காமல், படம் நடுவில் சரியாக அமைந்திருந்தால்தான் நல்ல விலை. இதையும் பிரிக்கலாம். லாபத்தை எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

மிஸ்டரி பாக்ஸ்காரர்கள் பழைய பாக்கெட்டுகளை வாங்கிக் கலந்து கட்டி விற்பவர்கள். அபூர்வமான சரக்கு கையில் சிக்கினால் அதைத் தனியாக விற்கத்தானே பார்ப்பார்கள்?

1975 டாப்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். புகழ்பெற்ற வீரர்களான ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட் இருவரின் முதல் கார்டுகளும் அந்த வருடத்தவை. ஆனால் 660 கார்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றதில் பெரும்பாலானவை சாதாரணக் கார்டுகள். அந்தக் காலத்தில் கார்டுகளோடு பாக்கெட்டுக்குள் பபிள்கம்மும் வைப்பார்கள்; அது ஒட்டியிருந்த கார்டில் கறை வேறு இருக்கும். பிரித்துக் கிடைக்கும் கார்டுகளைவிட, அசல் என்று உறுதியான பிரிக்காத பாக்கெட்டுக்கே பொதுவாக விலை அதிகம்.

அந்த ‘அசல்’ என்பதில்தான் சிக்கல். அது மெழுகுத்தாள் உறை. சூடுபட்டால் மெழுகு இளகும், மறுபடி ஒட்டும். உள்ளே இருந்த நல்ல கார்டை உருவிவிட்டு, இஸ்திரிப்பெட்டி வைத்து ஒட்டி விற்பவர்கள் உண்டு. பின்பக்க மடிப்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மெழுகு இரண்டு தடமாகத் தெரிந்தாலோ, மடிப்பு பழைய கோட்டில் விழாமல் விலகியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். பெரியவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு விற்றவர் யாரோ! பிரிக்காத பாக்கெட்டுகளைச் சோதித்துச் சான்று தருகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கேட்பார்கள். அதனால் முதலில் ஈபேயில் ‘விற்றவை’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, நிஜமாகக் கைமாறிய விலையைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை கணக்கில் வராது.

அதுவரை பாக்கெட்டைக் கராஜில் போட்டு வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள், கோடை வெயிலுக்கு மெழுகு தாங்காது. அப்புறம், பையன் அடம்பிடித்து அதையும் பிரித்துவிட்டால், அந்தப் பபிள்கம்மை வாயில் போட விடாதீர்கள்.